கொடிக்கம்ப மலையும் மாரிச்செல்வத்தின் கைதட்டலும்

டூர் மேனேஜர் வேலை என்பது, மற்றவர்கள் ஊர் சுற்றுவதைப் பக்கத்தில் நின்று பார்ப்பதற்குச் சம்பளம் வாங்குகிற வேலை.

பாஸ்போர்ட்டைச் சூட்கேஸுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு விமான நிலையத்தில் கையை விரிக்கிறவர், சிங்கப்பூரில் இறங்கியதும் இட்லி கேட்கிறவர், ஜன்னலோர சீட் கிடைக்காததால் மூன்று நாடு தாண்டியும் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறவர் என்று இந்தத் தொழிலில் எல்லா வகையும் உண்டு. அதெல்லாம் பழகிவிடும். பழகாத கஷ்டம் ஒன்று இருக்கிறது. நாம் ராப்பகலாகப் படித்து வைத்திருக்கிற விஷயத்தைச் சொல்லும்போது கொட்டாவி விடுகிற கூட்டம், பக்கத்தில் நிற்கிறவன் வாயில் வந்ததை அடித்துவிடும்போது கைதட்டும். ஆபீஸோ, பள்ளிக்கூடமோ, கடையோ, எங்கேயாவது ஒரு தடவை இப்படி வயிறு எரிந்து நின்றிருந்தால் நீங்களும் எனக்குச் சொந்தக்காரர்தான். மேலே படியுங்கள்.

எங்கள் டிராவல்ஸ் ஆபீஸ் சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மருந்துக்கடை மாடியில் இருக்கிறது. முதலாளியை ஊரே அண்ணாச்சி என்று கூப்பிடுவதால் நாங்களும் அப்படியே கூப்பிடுகிறோம். நான் ஒரு தனியார் பள்ளியில் சரித்திரம் நடத்திவிட்டு இந்த வேலைக்கு வந்தவன். பெயர் ஜெயசிங். எனக்குப் பின்னால் வந்து சேர்ந்தவன் மாரிச்செல்வம். கோயில் கொடைத் திருவிழாவிலும் கபடிப் போட்டியிலும் மைக் பிடித்து அறிவிப்புச் சொல்லிக்கொண்டிருந்த ஆள். குரல் மட்டும் கோயில் மணி மாதிரி இருக்கும்.

சிங்கப்பூர் போகிற எங்கள் கூட்டங்கள் எல்லாம் ஒரு மலைக்குப் போகும். மலை என்று அவர்கள் சொல்லுவது, நம் ஊர்க் கணக்கில் குன்றுதான். பழைய பெயர் தெலோக் பிளாங்கா. பிறகு, மதராஸ் இன்ஜினியர் படையிலிருந்து போன ஒரு வெள்ளைக்காரக் கேப்டன் உச்சிக்கு ரோடு போட்டார் என்று அவர் பெயரையே வைத்துவிட்டார்கள். மேலே நின்றால் கீழே துறைமுகம், எதிரே தீவு, தலைக்கு மேல் தீவுக்குப் போகிற கேபிள் கார். அந்த ஊர் கைடு எங்களை உச்சியில் இறக்கிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். அந்த நேரம் மட்டும் கூட்டம் எங்கள் கையில். அந்த மலையைப் பற்றி எங்கள் ஆபீஸில் எனக்குத் தெரிந்த அளவு யாருக்கும் தெரியாது. அதனால் அதை என்னுடைய மலை என்றே நினைத்திருந்தேன்.

பாடமும் வரலாறும்

மாரிச்செல்வம் முதன்முதலாக அந்த மலைக்கு வந்தபோது இரண்டு பஸ்களில் போனோம். ஒன்றுக்கு நான், ஒன்றுக்கு அவன். நான் என் கூட்டத்தைத் துறைமுகம் நன்றாகத் தெரிகிற கைப்பிடிச் சுவர் ஓரமாக நிறுத்தி ஆரம்பித்தேன். அந்தக் காலத்தில் இந்த உச்சியில் ஒரு கொடிக்கம்பம் இருந்தது. தூரத்தில் கப்பல் கண்ணில் பட்டதும் கம்பத்தில் கொடி ஏறும். கீழே கடைவீதியில் இருக்கிற வியாபாரிகள் அண்ணாந்து பார்த்து, எப்படிப்பட்ட கப்பல் வருகிறது என்று தெரிந்துகொள்வார்கள். போன் இல்லாத காலத்தில் ஒரு ஊருக்கே முதல் செய்தி சொன்ன மலை இது. சொல்லும்போது எனக்கே உடம்பு சிலிர்த்தது. கூட்டத்தில் வேறு யாருக்கும் சிலிர்த்த மாதிரித் தெரியவில்லை. சங்கரன்கோவிலில் விசைத்தறி வைத்திருக்கிற ஒருவர் கையைத் தூக்கினார். சந்தேகம் கேட்கப் போகிறார் என்று ஆசையாகத் திரும்பினேன். பாத்ரூம் எங்கே என்று கேட்டார்.

அதே நேரம் பின்னால் மாரிச்செல்வத்தின் குரல் எழும்பியது. "ஏ மக்களே! நீங்க நிக்கிய பாருங்க, இதே எடத்துலதான் நம்ம சோழ ராஜா இடுப்புல கைய வச்சு நின்னாரு! கீழ பாருங்க, கடல் பூரா நம்ம கப்பலு! ராஜா கைய ஒசத்துனாரு. அத்தன கப்பல்லயும் புலிக்கொடி ஏறுச்சு!" சோழன் அந்தக் குன்றில் ஏறினான் என்று எந்தப் புத்தகத்திலும் கிடையாது. ஆனால் மாரிச்செல்வம் கையை உயர்த்தியதும் அவன் கூட்டம் மொத்தமும் கடலைப் பார்த்தது. பிறகு என் கூட்டமும் மெல்ல மெல்ல அந்தப் பக்கம் நகர்ந்தது. பாத்ரூம் கேட்டவர்கூட அடக்கிக்கொண்டு நின்றார். கைதட்டல் முடிந்ததும், அவர் மனைவி என்னிடம் வந்து ஆறுதல் சொல்லுகிற குரலில் சொன்னார்: "சார், நீங்க சொன்னது பாடம். அவரு சொன்னதுல்லா வரலாறு!"

விதைக்காத மலை

பொறாமை எனக்கு மட்டும் உள்ள வியாதி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். திருவேங்கடத்துப் பக்கம் கரிசல்காட்டில் வெள்ளாமை பார்க்கிற சுப்பையா அண்ணாச்சி வந்த பிறகுதான், அது பல ரகத்தில் உண்டு என்று புரிந்தது. மகன் சென்னையிலிருந்து பணம் கட்டி அனுப்பி வைத்திருந்தான். வந்ததிலிருந்து அவருக்கு எதிலும் பிடிப்பில்லை. வானத்தை முட்டுகிற கட்டடத்தைக் காட்டினால், "ஆமா, பெருசுதான்" என்பார். அதோடு சரி.

மலை உச்சியில் நாங்கள் இறங்கிய கொஞ்ச நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. அந்த ஊர் மழை தூறிப் பார்த்துவிட்டு வருகிற மழை இல்லை. குடத்தைக் கவிழ்த்த மாதிரி கொட்டும். எல்லோரும் கூரை இருக்கிற பக்கம் ஓடிவிட்டார்கள். சுப்பையா அண்ணாச்சி மட்டும் வெட்டவெளியில், வேட்டி காலோடு ஒட்ட, நின்றுகொண்டிருந்தார். நான் குடையோடு ஓடினேன். குடைக்குள் வரவில்லை. "இங்கன இப்படி அடிக்கடி பெய்யுமோ?" என்று கேட்டார். கிட்டத்தட்ட வருஷம் பூராவும் பெய்யும், மத்தியானத்துக்கு மேல் தினமும் எதிர்பார்க்கலாம் என்று சொன்னேன். அவர் முகம் கறுத்தது. மாரிச்செல்வத்துக்குக் கைதட்டுகிறபோது என் முகமும் இப்படித்தான் இருந்திருக்கும்.

குனிந்து ஒரு மரத்தடியில் மண்ணைக் கிள்ளி, விரலில் தேய்த்து, மோந்து பார்த்தார். இதில் என்ன போடுகிறார்கள் என்று கேட்டார். ஒன்றும் போடுவதில்லை அண்ணாச்சி, ஆதியிலிருந்தே ஏறி நின்று கடலைப் பார்ப்பதற்குத்தான் இந்த மலை, அப்போது கப்பலுக்காகப் பார்த்தார்கள், இப்போது சும்மா பார்க்கிறார்கள் என்றேன். மண்ணை உதறினார். போன வருஷம் அவர் உளுந்து விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக் கிடந்ததை, பூப்பிடிக்கிற நேரத்தில் ஒரே ஒரு மழை வராமல் அத்தனையும் கருகிப்போனதை அந்த மழைக்குள் நின்றே சொன்னார். மழை விட்ட பிறகுதான் பஸ்ஸுக்கு வந்தார். உட்கார்ந்த சீட் நனைந்து, பக்கத்தில் இருந்தவர் முணுமுணுத்தார். சுப்பையா அண்ணாச்சி அதைக் காதில் வாங்கவில்லை. ஜன்னல் வழியாக மலையையே முறைத்துக்கொண்டிருந்துவிட்டு என்னிடம் கேட்டார்: "வெதைக்காத மலைக்கு எதுக்கு சார் இம்புட்டு மழை?"

பாறையும் ஆளும்

அந்த மலையைப் பற்றி என்னிடம் இருந்ததிலேயே நல்ல கதை ஒன்று உண்டு. அதை நான் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். இந்தியாவில் சிப்பாய்க் கலகம் நடந்தபோது சிங்கப்பூர் வெள்ளைக்காரர்களுக்கும் பயம் பிடித்துக்கொண்டது. அங்கேயும் இந்தியச் சிப்பாய்கள் இருந்தார்கள். இந்தியாவிலிருந்து கப்பலேற்றி அனுப்பப்பட்ட கைதிகளும் இருந்தார்கள். ரோடு போட்டதும் கட்டடம் கட்டியதும் பெரும்பாலும் அவர்கள்தான். அவர்களும் கிளம்பிவிட்டால் என்ன செய்வது? இந்த மலையைக் கோட்டையாக்கிப் பீரங்கி வைக்க வேண்டும் என்று திட்டம் போட்டார்கள். பீரங்கி வைக்கிற மேடை வரைக்கும் வேலை நடந்தது. அதற்கு மேல் உடைக்க வேண்டிய பாறை கடும் கருங்கல். வெடி வைத்து உடைத்தால் கட்டுப்படியாகாது என்று பாதியில் விட்டுவிட்டார்கள். அதாவது, இந்தியர்களுக்குப் பயந்து ஆரம்பித்த கோட்டையை ஒரு பாறை நிறுத்திவிட்டது. எப்படிப்பட்ட விஷயம்!

ஒருநாள் விமானத்தில் பக்கத்து சீட்டில் மாரிச்செல்வம் இருந்தான். பேச்சுவாக்கில் வாய் தவறி இதைச் சொல்லிவிட்டேன். அவன் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டான். தூங்கிவிட்டான் என்று நினைத்தேன். இரண்டு நாள் கழித்து மலையில், கழுத்தில் மாட்டுகிற சின்ன மைக்கில் அவன் குரல் கேட்கிறது: "'ஏலே, பாறைய ஒடை'ன்னான் வெள்ளக்காரன். நம்ம சங்கரன்கோயில்காரன் ஒருத்தன், கையில வெலங்கு, சம்மட்டியக் கீழ போட்டான். 'என் சனத்தச் சுடுத பீரங்கிக்கு நான் மேட கட்ட மாட்டேன்'னான்!" கூட்டத்தில் ஒரு அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தார். ஓய்வு பெற்ற ஒரு தலைமையாசிரியர் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

எனக்குக் காதுவரை சூடாகிவிட்டது. கூட்டம் கலைந்ததும் அவனைத் தனியாக இழுத்துக்கொண்டு போய், யாருடா அந்தச் சங்கரன்கோவில்காரன், அவன் பெயர் என்ன, எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டேன். மாரிச்செல்வம் கொஞ்சமும் கூசவில்லை. யாரோ கொடுத்த முறுக்கை எனக்குப் பாதி உடைத்துக் கொடுத்துக்கொண்டே சொன்னான்: "சார், பாறை ஒங்களோடது. ஆளு என்னோடது. ரெண்டும் சேந்தாத்தான் கூட்டம் நிக்கும்."

மணிச் சத்தம்

மலை உச்சியில் ஒரு கம்பி வேலி உண்டு. கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு சின்ன மணியைக் கட்டிவிட்டுப் போனால் பிரியாமல் இருப்பார்களாம். சிவகிரியிலிருந்து அண்ணன் தம்பி இரண்டு பேர் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். தம்பி ஒரு மணி வாங்கி, மனைவியோடு சேர்ந்து கட்டி, போட்டோ எடுத்து, மணியை ஆட்டியும் காட்டினார். அண்ணன் மனைவி பேச்சியம்மாள் அதுவரைக்கும் என்னிடம் துறைமுகத்துக் கிரேன்களைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தவர், பாதிக் கேள்வியில் நிறுத்திவிட்டார்.

"நமக்கு ஒண்ணு வாங்குங்க" என்று கணவரிடம் சொன்னார். அவர் நிறைய மாடு வைத்திருக்கிற மனிதர். "ஏட்டி, மேய்ச்சல்ல மாடு எங்கன நிக்கின்னு தெரியதுக்கு மணி கட்டுவோம். நான் எங்கன ஓடிறப் போறேன்?" என்று சிரித்தார். சுற்றி இருந்தவர்களும் சிரித்தார்கள். அத்தோடு முடிந்தது என்று நான் எல்லோரையும் கேபிள் காருக்குக் கூப்பிட்டேன். பேச்சியம்மாள் வேலியை விட்டு நகரவில்லை. கேபிள் கார் வரிசை நகர்கிறது, கைடு கையைக் காட்டுகிறார், நான் கெஞ்சுகிறேன். கடைசியில் அந்த மனிதர் ஓடிப்போய், கடையில் இருந்ததிலேயே பெரிய மணியாக வாங்கிக்கொண்டு வந்தார். பேச்சியம்மாள் அதைத் தம்பி மனைவியின் மணிக்கு நேர் மேலே பார்த்துக் கட்டினார். "இப்ப திருப்திதானட்டி? நான் ஓட மாட்டேம்னு ஒனக்குத் தெரியாதா?" என்று கணவர் மூச்சிரைக்கக் கேட்டார். பேச்சியம்மாள் மணியை ஒரு ஆட்டு ஆட்டிவிட்டுச் சொன்னார்: "நீங்க ஓட மாட்டியன்னு எனக்குத் தெரியும். அவ காதுல சத்தம் கேக்கணும்லா!"

அண்ணாச்சியின் தீர்ப்பு

ஆடித்தபசுத் திருவிழா நேரத்தில் எங்கள் ஆபீஸில் நிற்க இடம் இருக்காது. வெளியூரிலிருந்து அம்மனைப் பார்க்க வருகிறவர்கள் அப்படியே மாடியேறி டூர் விசாரித்துவிட்டுப் போவார்கள். அந்த வருஷம் வந்தவர்களில் பாதிப்பேர் கேட்டது ஒரே கேள்வி. "மாரி அண்ணாச்சி வாராங்களா?" நான் அவர்கள் முன்னாலேயே உட்கார்ந்திருப்பேன். என்னைவிட வயதில் சின்னவன் அவன். அவன் மாரி அண்ணாச்சி, நான் சார். சார் என்று கூப்பிடுகிறவர்கள் முறுக்குக் கொடுப்பதில்லை. விமானத்தில் பக்கத்தில் வந்து உட்காருவதில்லை. மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைப்பதும் இல்லை. அவன் வீட்டுச் சுவரில் பத்திரிகைகளைச் செருகிச் செருகி ஆணியே தெரியாது என்று கேள்விப்பட்டேன்.

கூட்டம் குறைந்த ஒரு சாயங்காலம் முதலாளி அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். காபி வந்தது. காபி வந்தாலே விஷயம் மோசம் என்று அர்த்தம். இனிமேல் சிங்கப்பூருக்கு மாரிச்செல்வம் போகட்டும், நீங்கள் ஆபீஸில் இருந்து விசா, டிக்கெட் வேலையைப் பாருங்கள், அலையவும் வேண்டாம், உடம்புக்கும் நல்லது என்றார். என் மலையை என்னிடமிருந்து பிடுங்கி அவன் கையில் கொடுக்கிறார் என்பதுதான் எனக்குக் கேட்டது. காபியைத் தள்ளி வைத்தேன். அவன் சொல்வது பொய், அண்ணாச்சி, நாளைக்கு விவரம் தெரிந்த ஒருத்தர் வந்து கேட்டால் நம் ஆபீஸுக்குத்தானே கெட்ட பெயர் என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார். என் காபியை என் பக்கம் நகர்த்தி வைத்தார். "சார், சனங்க மலைக்கு வாரது மூச்சு வாங்கதுக்கு. நீங்க அங்கன பரீட்சை வைக்கிய!"

கடையநல்லூர் மைமூன்

அதற்குப் பிறகு நான் மாடியில் உட்கார்ந்து விசா பார்த்தேன். மாரிச்செல்வம் மலையிலிருந்து போட்டோ அனுப்புவான். எல்லா போட்டோவிலும் யாராவது அவனுக்குக் கைதட்டிக்கொண்டிருப்பார்கள். பார்க்காமல் இருக்கலாம் என்றால் அதுவும் முடியாது. பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்ப்பேன்.

கடையநல்லூரிலிருந்து ஒரு பெரிய கூட்டம் வந்தது. வயதானவர்கள் அதிகம் என்பதால், காகித வேலையைக் கூட இருந்து பார்க்கட்டும் என்று அண்ணாச்சி என்னையும் அனுப்பினார். மலையில் நான் பின்னால் நின்றேன். மாரிச்செல்வம் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தான். சோழ ராஜா இடுப்பில் கை வைப்பதற்கு முன்னாலேயே, முன்வரிசையில் நின்ற ஒரு அம்மா கையைக் காட்டி நிறுத்தினார். மைமூன் என்று பெயர். மெலிந்த உருவம், தலையில் வெள்ளைத் துப்பட்டி. "தம்பி, ராஜா கதைய அப்புறம் கேக்குதேன். எங்க வீட்டுக்காரரு இந்தத் தொறமுகத்துலதான் மூட்டை தூக்குனாரு. அவரு இருந்த எடம் எதுன்னு காட்டு" என்றார்.

மாரிச்செல்வம் துறைமுகத்தை ஒரு தடவை பார்த்தான், என்னை ஒரு தடவை பார்த்தான். அப்படி அவனை நான் பார்த்ததே இல்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்து, "சார், இதுக்கு நீங்கதான்" என்றான். அந்த நொடியில் எனக்குள் பாயசம் ஊறிய மாதிரி இருந்ததை மறைக்க மாட்டேன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்னால் போனேன். கிழக்கே கையை நீட்டினேன். அந்தக் கிரேன்களுக்குப் பின்னால் தெரிகிற பகுதிதான் தஞ்சோங் பகார், கடையநல்லூர், தென்காசிப் பக்கத்திலிருந்து போனவர்கள் பலர் அங்கேதான் சேர்ந்து இருந்தார்கள், அந்தப் பழைய வீடுகளில் நிறைய இப்போது இல்லை, துறைமுகமே மேற்கே மாறிக்கொண்டிருக்கிறது, கொஞ்ச காலத்தில் இந்தக் கிரேன்களும் இருக்காது என்று அடுக்கிக்கொண்டே போனேன். "கொஞ்சம் இரிங்க" என்றார் மைமூன். நான் நிறுத்தினேன். அவர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தபடியே நின்றார். வெயில் தண்ணீரில் பட்டுத் தகதகத்தது. ஒரு கப்பல் தீவைச் சுற்றிக்கொண்டு மெதுவாக உள்ளே வந்தது.

அப்புறம் அவர் பேசினார். என்னிடமா, கப்பலிடமா என்று தெரியாத மாதிரி. கல்யாணம் ஆகிச் சில மாதத்தில் போனவர், சில வருஷத்துக்கு ஒரு தடவை வருவாராம். வந்து ஒரு மாதம்கூட ஆகாது, "அங்கன அப்படி, அங்கன இப்படி" என்று ஆரம்பித்துவிடுவாராம். சோற்றில் கை வைத்துக்கொண்டே எங்கேயோ பார்ப்பாராம். இந்த மலையில் நின்று கப்பல் வருவதைப் பார்த்து ஊருக்குச் சொன்னார்கள் என்று பஸ்ஸில் நான் சொன்னதை அவர் கவனித்திருக்கிறார். "எங்க ஊருலயும் மலை இருக்கு சார். எங்கன ஏறி நின்னாலும் கப்பல் தெரியாது. அவரு வாசலுக்கு வந்து செருப்பக் கழத்தும்போதுதான் எனக்குத் தெரியும்" என்றார். அங்கே இன்னொருத்தி இருக்கிறாள் என்றே நினைத்திருந்தாராம். அவர் மவுத்தாகிக் கண்ணை மூடுகிற வரைக்கும் அதை வாய்விட்டுக் கேட்கவில்லையாம்.

மாரிச்செல்வம் கழுத்து மைக்கை அணைத்துவிட்டு அவருக்கு வெயில் படாமல் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றான். எனக்குச் சொல்வதற்கு இன்னும் எவ்வளவோ இருந்தது. எதுவும் தேவைப்படவில்லை. மைமூன் அம்மா துறைமுகத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும், பெண் பார்க்க வந்தவர் மாதிரி, நிதானமாக ஒரு தடவை பார்த்தார். துப்பட்டியை இழுத்து விட்டுக்கொண்டு சொன்னார்: "இவதான் அவ. என்னையவிட அழகாத்தான் இருக்கா."

போனில் ஒரு கேள்வி

அன்றைக்கு யாரும் கைதட்டவில்லை. திரும்பி வருகிற விமானத்தில் மாரிச்செல்வம் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். "அந்தம்மா கேட்டப்ப வாய் வரல சார். இனிமே தெரியாதத ஒங்ககிட்டதான் கேப்பேன்" என்றான். நான் பெரிய மனது பண்ணி, கேள் என்றேன். ஊருக்கு வந்ததும் அண்ணாச்சியிடம் அவனே போய், சாரும் மலைக்கு வர வேண்டும், ஒரு தடவை அவர், ஒரு தடவை நான் என்று பேசி முடித்தும்விட்டான். பெருந்தன்மையிலும் அவன் எனக்கு முந்திக்கொண்டான் என்பது மெதுவாகத்தான் உறைத்தது.

சென்ற மாதம் அவன் முறை. நான் ஆபீஸில் இருந்தேன். காலையில் டீ வந்த நேரம், மலையிலிருந்து போன். "சார், ஒரு அண்ணாச்சி கேக்காரு. கடலுக்குள்ளயே தீவு இருக்கும்போது கொடிக்கம்பத்த எதுக்கு இந்த மலையில கொண்டாந்து வச்சாங்கன்னு. சொல்லுங்க, காத்துக்கிட்டு நிக்காங்க." எவ்வளவு நல்ல கேள்வி! இத்தனை வருஷத்தில் என்னிடம் ஒருத்தர் இதைக் கேட்டதில்லை. நான் டீயை வைத்துவிட்டு எழுந்து நின்றே சொன்னேன். கம்பம் முதலில் அந்தத் தீவில்தான் இருந்தது. அங்கே காய்ச்சல் வந்து ஆட்கள் படுத்தார்கள். அன்னாசிச் செடியின் இலை அழுகி அதிலிருந்து கிளம்புகிற கெட்ட காற்றுதான் காரணம் என்று நம்பினார்கள். கொசுதான் காரணம் என்று அப்போது யாருக்கும் தெரியாது. அதனால்தான் கம்பத்தை இந்த மலைக்கு மாற்றினார்கள்.

அவன் போனை வைக்கவில்லை. கையில் பிடித்தபடியே பேச ஆரம்பித்துவிட்டான். நான் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை. ராஜா இல்லை, விலங்கு போட்ட ஆள் இல்லை, எல்லாம் என் வரிகள். ஆனால் அவன் குரலில் காய்ச்சல் நடுங்கியது. அன்னாசி இலை நாற்றம் சங்கரன்கோவில் மாடி வரைக்கும் அடித்தது. கம்பம் தீவிலிருந்து கிளம்பிக் கடல் தாண்டி மலை ஏறியதை நானே இப்போதுதான் முதல் தடவையாகப் பார்க்கிற மாதிரி இருந்தது. முடித்தான். போனுக்குள் கைதட்டல் வெடித்தது. என்னை மறந்து நானும் காதுக்கும் தோளுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு இரண்டு தட்டுத் தட்டியிருப்பேன் போலிருக்கிறது. அண்ணாச்சி தலையைத் தூக்கிப் பார்த்தார். அப்போது அந்தக் கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் தெளிவாகக் கேட்டது: "யாத்தே, இந்த மாரி அண்ணாச்சிக்குத்தான் எவ்வளவு படிப்பு!"

இன்றைக்கும் அந்த மலையின் சரித்திரம் முழுவதும் தெரிந்தவன் நான்தான், அந்த மலைக்குத் தெரிந்தவன் மட்டும் மாரிச்செல்வம்.